கையெழுத்துப் போடும் முன் லிஃப்டை அளந்து பாருங்கள்: கிள்ளானிலிருந்து செந்தூல், பிரிக்பீல்ட்ஸ்

காலை 6.42-க்குச் செய்தி வந்தது. பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடிக்காரர்களின் போன் குழுவில் செயலாளர் போட்டிருந்தார்: "இன்னிக்கு சாயந்திரம் நாலு மணிக்கு ஹால்ல கடைசி கூட்டம். டி ப்ளாக் நாலாவது மாடி ஏழாம் நம்பர் மட்டும்தான் இன்னும் சைன் பண்ணல."

அந்த ஏழாம் நம்பர் வீடு என்னுடையது.

பழைய மலிவு விலை அடுக்குமாடி. லிஃப்ட் கிடையாது. ரயில் நிலையத்துக்கு நடந்தே போய்விடலாம் என்பதால் அந்த நிலத்தின் மேல் எல்லோருக்கும் கண். ஒரு கம்பெனி வந்திருக்கிறது. இடித்துவிட்டு இரண்டு கோபுரம் கட்டுவார்கள். ஒன்றில் எங்களைப் போன்ற பழையவர்களுக்கும் குறைந்த வருமானக்காரர்களுக்கும் வீடு, இன்னொன்று சந்தை விலைக்கு. வீட்டுக்காரர்களில் ஒருவர் முடியாது என்றாலும் வேலை நடக்காது. அந்த ஒருவராக நான் பல மாதமாகப் பதில் சொல்லாமல் இருந்தேன்.

என் மனைவி ஷாமினி டெங்கியில் போனபின் நான் கிள்ளானில் ஒரு அறைக்கு மாறிவிட்டேன். அந்த வீட்டில் இப்போது அவள் அம்மா மட்டும் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு அறையில் உட்கார முடிவதில்லை. ஏதாவது ரயிலில் ஏறிக் கடைசி நிலையம் வரை போய்த் திரும்புவேன். இந்த ஞாயிறு ஒரு காரணத்தோடு ஏறினேன். அதே கம்பெனி செந்தூலில் இதேபோல் ஒன்றைக் கட்டி முடித்திருக்கிறது, அதைப் பார்த்துவிட்டுக் கூட்டத்துக்குப் போவதாக முடிவு. உங்கள் அடுக்குமாடிக்கும் இப்படி ஆள் வந்து பேனாவை நீட்டினால் இந்தப் பாதை உதவும்.

கிள்ளான் நிலையத்துக்கு எதிரே ஒரு ரொட்டி சானாய், பால் இல்லாத தே ஓ ஒன்று. நான்கு ரிங்கிட்டுக்குள் முடிந்தது. சாப்பிட்டது நினைவில் இல்லை, ரசீது பையில் இருந்தது. கொமுட்டர் ரயில் கட்டணம் கே.எல். சென்ட்ரல் நிலையம் வரை சுமார் ஐந்து ரிங்கிட், பயணம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஞாயிற்றுக்கிழமை ரயில்கள் குறைவு. நான் படியிறங்கும்போதே ஒன்று கதவை மூடியது. அரை மணி நேரம் பிளாட்பாரத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். காவலர் இரண்டு தடவை என் பையைப் பார்த்தார். பையில் அளவு நாடாவும் ஒரு டார்ச்சும்தான். நான் லிஃப்ட் பராமரிப்பு இஞ்சினியர். லிஃப்ட் இஞ்சினியர் குடியிருந்த ப்ளாக்கில் லிஃப்ட் இல்லை என்பது எங்கள் மாடியில் ரொம்ப நாள் ஓடிய ஜோக்.

ஷா ஆலம் தொழிற்சாலைக் கூரைகளைத் தாண்டியபின் உட்கார இடம் கிடைத்தது. உட்காரவில்லை. சென்ட்ரலில் இறங்கி பத்துமலை போகும் கொமுட்டருக்கு மாற வேண்டும். தவறான பிளாட்பாரத்தில் நின்றுவிடாதீர்கள், போர்டைப் பார்த்து நில்லுங்கள். ஏறினால் கால் மணி நேரத்தில் செந்தூல். அங்கிருந்து நடை பத்து நிமிடம்.

இரண்டு கோபுரமும் தூரத்தில் ஒரே மாதிரி தெரிந்தன. கிட்டே போனால் வாசல் வேறு வேறு. பழையவர்கள் கோபுரத்தின் வாசலில் பனியன் போட்ட ஒருவர் பள்ளி வேனுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். ராஜு அங்கிள் என்று கூப்பிடச் சொன்னார். முன்பு அங்கிருந்த பழைய ஃப்ளாட்டில் முப்பது வருஷம் இருந்தவராம். வந்த விஷயத்தைச் சொன்னதும் குழாயை மூடினார்.

"சைன் பண்றதுக்கு முன்னால வந்து பாக்குற மொத ஆளு நீதான் தம்பி. நாங்கல்லாம் சைன் பண்ணிட்டுதான் வந்து பாத்தோம். வா."

லிஃப்டுக்குள் நுழைந்ததும் நாடாவை எடுத்தேன். அகலம் ஒன்றரை மீட்டருக்கு மேல். ஆழம் 1.4 மீட்டர்.

"ஏன் தம்பி, அலமாரி கொண்டு வரப் போறியா?"

"இல்ல அங்கிள். இங்க யாராச்சும் செத்துட்டா எப்படிக் கீழ கொண்டு போவாங்க?"

அவர் தன் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "நான் நல்லாதான் லா இருக்கேன்."

பிறகு என் முகத்தைப் பார்த்தார் போலும். எதுவும் கேட்காமல் பின்பக்கம் கூட்டிப்போனார். அங்கே சரக்கு லிஃப்ட் இருந்தது. ஆழம் 2.3 மீட்டர். பக்கத்தில் குப்பை அறை.

"போன வருஷம் எங்க மாடி பாலா போனான். அவனை இதுலதான் இறக்குனாங்க. அஞ்சு நிமிஷம்கூட ஆவல. நாங்க முன்பக்க லிஃப்ட்ல இறங்கி ஓடி வந்தா, வண்டிக் கதவை மூடிட்டாங்க." குப்பை அறைக் கதவைத் தள்ளிச் சாத்தினார். "தண்ணி நல்லா வருது. கூரை ஒழுகல. பொய் சொல்லக் கூடாது. இது ஒண்ணுதான்."

எங்கள் ப்ளாக்கில் ஒரு வழக்கம் உண்டு. மருத்துவமனையில் இறந்தாலும் வீட்டுக்குள் ஒரு தடவை கொண்டுவந்துதான் எடுப்பார்கள். சவப்பெட்டியை ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் அந்த மாடிக்காரர்கள் வாங்கிக்கொள்வார்கள். கீழ் மாடிக்காரர்கள் மேலே வர மாட்டார்கள், தங்கள் திருப்பத்தில் காத்திருப்பார்கள். இரண்டாவது மாடி மலாய்க்காரர் பாக் டின் வீட்டு ஆண்கள், முதல் மாடிச் சீனக் குடும்பம், எல்லோருக்கும் இது தெரியும். ஷாமினியை அப்படித்தான் ஏற்றி, அப்படித்தான் இறக்கினார்கள். நான் தூக்கவில்லை. படிக்கட்டின் அகலத்தைக் கண்ணால் அளந்துகொண்டே பின்னால் இறங்கினேன். அன்றைக்கு எனக்கு வந்தது அது ஒன்றுதான்.

செந்தூலிலிருந்து திரும்பும்போது தெளிவாக இருந்தேன். கையெழுத்துப் போடப் போவதில்லை.

சென்ட்ரலில் இறங்கிப் பிரிக்பீல்ட்ஸுக்குள் நடந்தேன். வெயில் ஏறியிருந்தது, இந்த நடைக்குக் குடை வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ப்ளாக்கில் இரண்டாவது மாடித் திருப்பத்தில் அத்தை உட்கார்ந்திருந்தார். ஒரு நீலப் பிளாஸ்டிக் நாற்காலி. காலடியில் காய்கறிப் பை, மடியில் ஐந்து கிலோ அரிசி.

"இது யார் நாற்காலி அத்தை?"

"பாக் டின் சம்சாரம் போட்டுக் குடுத்தது. ரெண்டு மாசமா இங்கயே கெடக்கு. நான் வர நேரம் அதுக்குத் தெரியும், தண்ணி கொண்டாந்து வைக்கும்." மூச்சு வாங்கினார். "மாப்ள சாப்பிட்டீங்களா?"

அரிசியை வாங்கிக்கொண்டேன். மீதி இரண்டு மாடியை ஏறிமுடிக்க நாங்கள் எடுத்த நேரத்தில் ஒரு கொமுட்டர் போய் அடுத்தது வந்திருக்கும். வீட்டில் விசிறியைப் போட்டுவிட்டு செந்தூல் லிஃப்ட், குப்பை அறை, எல்லாவற்றையும் சொன்னேன். சைன் பண்ண மாட்டேன் என்றும் சொன்னேன்.

அத்தை வெண்டைக்காயைக் கழுவிக்கொண்டே கேட்டார். "செத்தவங்க எறங்குறதுக்கு அளந்தீங்க. சரி. நான் ஏறுறதுக்கு யாரு மாப்ள அளந்தா?"

நான் அரிசியை டப்பாவில் கொட்டினேன்.

"காலையில அஞ்சரைக்குப் பள்ளிக்கூட கேண்டீனுக்கு எறங்குறேன். மத்தியானம் ஏறுறேன். அப்புறம் வீட்ல உப்பு இல்லன்னாலும் எறங்குறது இல்ல. நாளைக்கு என்னைய குப்பை ரூம் பக்கம் கொண்டு போனா நான் எந்திரிச்சுச் சண்டை போடப் போறேனா? அவளைப் பாத்துப் பாத்து எறக்குனாங்க. அது போதும். அதுக்காக இந்தப் படிக்கட்டை வச்சுக் கும்பிட முடியாது." கத்தியை எடுத்தார். "மொளகாய் அதிகமா போடவா?"

சாப்பிட்டேன். காரமாக இருந்தது. காரமாக இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது.

கூட்டம் 4.20-க்குத்தான் ஆரம்பித்தது. கம்பெனியிலிருந்து வந்த அதிகாரி வரைபடத்தைச் சுவரில் ஒட்டியிருந்தார். எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேனாவை நீட்டியதும் எழுந்து லிஃப்டின் ஆழம் எவ்வளவு என்று கேட்டேன். 1.4 மீட்டர்.

"2.1 ஆக்குங்க. அகலத்தைக் குறைங்க. பரப்பு கிட்டத்தட்ட அதேதான், மோட்டார் மாத்த வேண்டாம். முன்பக்க லிஃப்ட் ஒண்ணுல ஸ்ட்ரெச்சரும் போகணும், பெட்டியும் போகணும்."

"பெட்டி எல்லாம் சர்வீஸ் லிஃப்ட்ல போகும் சார். முன்பக்கம் அழகா இருக்கணும்ல."

பாக் டின் பின்வரிசையிலிருந்து மலாயில் கேட்டார், அப்படியானால் அதிகாரி துவான் எந்த லிஃப்டில் போவதாக உத்தேசம் என்று. ஹாலே சிரித்தது. அதிகாரியும் சிரித்துவிட்டார். வெளியே போய்ப் போனில் பேசினார். உள்ளே வந்து, குறித்துக்கொள்கிறோம் என்றார். குறித்துக்கொள்வது போதாது, ஒப்பந்தத்தில் எழுதுங்கள் என்றேன். என் மாடிக்காரர்கள் யாரும் அவசரப்படுத்தவில்லை. முதல் மாடிச் சீனப் பெரியவர் தன் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டார். அதிகாரி மறுபடி வெளியே போனார். இந்தத் தடவை உள்ளே வந்து கையாலேயே எழுதினார், பக்கத்தில் ஒப்பமிட்டார். நான் கையெழுத்துப் போட்டேன்.

உங்களுக்கான குறிப்புகள். கட்டி முடித்த ஒரு இடத்தையாவது போய்ப் பாருங்கள், விற்பனை அலுவலகத்தை அல்ல. லிஃப்ட் போகும் குழி கட்டடத்தோடு சேர்ந்து எழும்புவது, பிறகு யாராலும் பெரிதாக்க முடியாது. அதனால் இப்போதே கேளுங்கள். உங்கள் கோபுரத்துக்கு எத்தனை லிஃப்ட், பழுதானால் யார் பார்ப்பார்கள் என்றும் கேளுங்கள். கட்டும் வரை எங்கே தங்கவைப்பார்கள் என்பது முக்கியம். எங்களுக்குச் செமினி என்றார்கள். அங்கே ரயில் இல்லை, அதனால் வாடகைத் தொகையாக வாங்கிக்கொள்கிறோம். அத்தைக்கும் எனக்கும் கிள்ளான் நிலையத்துக்குப் பக்கத்தில் இரண்டு அறை வீடு பார்க்க வேண்டும். அங்கிருந்து கேண்டீனுக்கு எப்படிப் போவீர்கள் என்று அவரிடம் கேட்டேன். முதல் ரயிலில் போய்க்கொள்வேன், கேண்டீனில் நேரத்தை மாற்றித் தருவார்கள், ரயிலில் உட்காரத்தானே போகிறேன் என்றார் அத்தை.

இதைப் பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். திரும்பக் கிள்ளான் போகவில்லை. நான் இங்கே தங்குவது ஷாமினி போனபின் இதுதான் முதல் முறை. அத்தை எனக்குப் பாய் போட்டுவிட்டுக் கதவைத் திறந்து வைத்திருக்கிறார், கிரில் மட்டும் சாத்தியிருக்கிறது. கீழே யாரோ படியேறும் சத்தம் கேட்கிறது, ஒவ்வொரு மாடியாக.

பயணம் பற்றிச் சந்தேகம் இருந்தால் பின்னூட்டத்தில் எழுதுங்கள், நாளை காலை பார்க்கிறேன். குழுவில் எல்லோரும் நன்றி சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். போனை அணைத்துவிட்டேன்.