லெதர் பிசினஸ்

மணிவாசகத்தின் அப்பா, வேலூர்ப் பக்கம் தோல் பதனிடும் இடத்தில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் இறங்கி வேலை செய்பவர். மொன்ட்ரியாலில் மட்டும் அவர் ‘லெதர் பிசினஸ்’ செய்துகொண்டிருந்தார். மகன் கடல் தாண்டியதில் அப்பாவுக்குக் கிடைத்த பதவி உயர்வு அது. கிழவருக்கு இது தெரியாது.

நம்மவர்கள் விசாரிக்கும் அழகு தெரிந்ததுதானே! முதலில் எந்த ஊர் என்பார்கள். அப்புறம் அங்கே எந்தத் தெரு. அதிலும் பிடிபடாவிட்டால் அப்பா என்ன செய்கிறார். சாதியை வாய்விட்டுக் கேட்பது அநாகரிகம் என்று படித்தவர்களுக்குத் தெரியும், அதனால் தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவார்கள். மணிவாசகம் கல்லூரி வேலைக்கு வந்த புதிதில், என்ஜினியர் பாலசந்திரன் அப்படித்தான் தொட்டார். மூன்றாவது கேள்விக்கு மணிவாசகத்தின் வாயில் அந்த இங்கிலீஷ் வார்த்தை வந்து விழுந்தது. தோல் என்று தமிழில் சொன்னால் நாறும். லெதர் என்றால் ஏற்றுமதி, பங்களா, கார்.

“அடேயப்பா, பெரிய பார்ட்டின்னு சொல்லுங்க!” என்றார் பாலசந்திரன். மணிவாசகம் சிரித்து வைத்தார். அன்றிலிருந்து டோர்வலில் பாலசந்திரன் வீட்டு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் அவருக்கு ஓர் இடம் நிச்சயம். பனியில் தனிக்கட்டையாகக் கிடப்பவனுக்கு ரசமும் தமிழ்ப் பேச்சும் லேசில் விடக்கூடியவையா?

கல்லூரி இருந்த சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் சனிக்கிழமை காலைகளில் மணிவாசகம் வெளியாரும் சேரக்கூடிய ஒரு வகுப்பு எடுத்தார். இடைக்கால ஐரோப்பாவும் பிரபுக்கள் காலத்து ஜப்பானும் பாடம். 1974 குளிர்காலத்தில் பாலசந்திரனின் மனைவி உஷாவும் வந்து சேர்ந்தாள். வீட்டில் பொழுது போகவில்லையாம்.

ஐரோப்பாவில் தோல்காரர்களை ஊருக்குக் கீழே, ஆறு ஊரைக் கடந்த பிறகு வரும் கரையில் வைத்தார்கள் என்று ஒரு சனிக்கிழமை சொன்னார். ஜப்பானில் இன்னும் மோசம். சாமுராயின் கவசத்துக்குத் தோல் வேண்டும், கோயில் முரசுக்கும் வேண்டும். உரித்துக் கொடுத்தவன் மட்டும் தீட்டு. அவனுக்கு வேறு குடியிருப்பு, வேறு சுடுகாடு. சொல்லும்போது குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டார். பாடத்தில் இருப்பதைச் சொல்கிறோம், அவ்வளவுதானே என்று தனக்குத் தானே சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

மறுநாள் சாப்பாட்டில் உஷா அதையே எடுத்தாள்.

“சார், நேத்து நீங்க சொன்னது மனசை விட்டே போகலை. உங்க அப்பா டேனரியில அந்த மாதிரி ஆளுங்க வேலை பார்ப்பாங்க இல்ல? நீங்க பார்த்திருப்பீங்களே. எப்படி இருப்பாங்க சார்?”

பந்தியில் எல்லோரும் திரும்பினார்கள். மணிவாசகம் தட்டைப் பார்த்தபடி சொன்னார்.

“எப்படி இருப்பாங்க, நம்மளை மாதிரிதான்.”

“அது சரி,” என்றார் பாலசந்திரன், சாதத்தைப் பிசைந்தபடி. “அந்த நாத்தம் குடலைப் பிடுங்குமே! சின்ன வயசுல எப்படித்தான் தாங்கினீங்களோ.”

“எங்க வீடு தள்ளி இருந்தது,” என்றார் மணிவாசகம்.

எல்லோரும் சிரித்துத் தலையாட்டினார்கள். முதலாளி வீடு தள்ளித்தானே இருக்கும்! ஊரை விட்டு, குளத்தை விட்டு, கோயிலை விட்டுத் தள்ளியிருந்த வீடு அது. அவர் சொன்னதில் பொய்யே இல்லை. உண்மையைக் கொண்டே அப்பாவை மறைத்த சாமர்த்தியம் அவருக்கே கூசியது. சுண்ணாம்பு தின்று வெடித்த அப்பாவின் கால்கள் கண் முன்னால் வந்தன. அந்தக் கால்கள்தான் அவரைப் படிக்க வைத்தன. கூட்டத்தோடு சேர்ந்து தானும் சிரித்துக்கொண்டிருப்பதைக் கவனித்தபோது எழுந்து கை கழுவப் போனார்.

அந்த வாரம் முழுக்க அவமானம் அவரைத் தின்றது. பிறப்பைப் பற்றிய அவமானம் இல்லை, அந்தச் சிரிப்பைப் பற்றியது. உஷாவிடமாவது சொல்லிவிடுவது, வீட்டு வாசல் மூடினாலும் மூடட்டும் என்று முடிவு செய்தார்.

சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் அவளை நிறுத்தினார். மற்றவர்கள் கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

“உஷா, எங்க அப்பா முதலாளி இல்லைம்மா. தொட்டியில இறங்கித் தோல் அலசுறவர். நீங்க கேட்டீங்களே, அந்த ஆளு அவர்தான். நான் அவர் பிள்ளை.”

தோல் என்று தமிழிலேயே சொன்னார். சொன்னதும் நெஞ்சு லேசானது. அப்பா பக்கத்தில் வந்து நிற்பது போல இருந்தது.

உஷாவின் முகம் சிவந்தது. கையுறையை மாட்டினாள், கழற்றினாள். அப்புறம் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, மிகுந்த பரிவோடு குரலைத் தாழ்த்தினாள்.

“ஐயோ சார், நீங்க கவலையே படாதீங்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். இவர்கிட்ட கூட. சத்தியமா. ஞாயித்துக்கிழமை எப்பவும் போல வந்துடுங்க.”

அவள் மனதார, நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். சொல்லுங்கள், எல்லோரிடமும் சொல்லுங்கள் என்று மணிவாசகம் சொல்லியிருக்க வேண்டும். அதற்குத்தானே வாயைத் திறந்தார்!

“ரொம்ப தேங்க்ஸ்ம்மா,” என்றார்.