வரிசையில் நின்ற செய்தி

டோரீன் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கம்ப்யூட்டர் பார்க்கிறவள். பக்கத்து மேசை என்னுடையது. அவள் நோர்வூட்டில் பள்ளிக்கூடம் முடித்து ஹட்டனில் ஒரு கோர்ஸ் படித்தவள். கொழும்புக்குப் போயிருக்கலாம், போகவில்லை. ஏன் என்று கேட்டால், “அம்மா தனியா இருப்பாங்கக்கா” என்பாள். அம்மா ஜீவராணி மேற்பிரிவு லயத்து வரிசை வீட்டில் இருந்து கொழுந்து பறிக்கப் போகிறவர்.

குளவி கொட்டிச் சாவது எங்களுக்குப் புதிதில்லை. முன்பெல்லாம் மலையில் குளவி கிளம்பினால் ஒரு ஆள் ஓடிப்போய்க் கத்துவான். அவன் போய்ச் சேருவதற்குள் குளவி போய்ச் சேர்ந்துவிடும். டோரீன்தான் தோட்டத்து மேனேஜர் தொரையிடம் கேட்டு, மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரைத் துடைத்து சேர்வர் ஆக்கி, அதில் தானே எழுதிய ஒரு மென்பொருளை ஏற்றினாள். நாம் அடிக்கிற செய்தி ஒவ்வொரு பெண்ணுக்கும் தனித்தனிக் கோப்பாக ஒரு கோப்புறையில் போய் உட்காரும். முதலில் வந்ததை முதலில் எடுத்து, அவளுடைய போனுக்கு அனுப்பி, கிடைத்தது என்று அவள் பதில் போட்டதும் ‘முடிந்தது’ என்ற கோப்புறைக்குத் தள்ளும். கரண்ட் போனாலும் சிக்னல் போனாலும் கோப்பு தொலையாது. இங்கே இரண்டும் போகாத நாள் எது?

ஒரே கோப்பை இரண்டு பேர் ஒரே நேரத்தில் எடுத்து அனுப்பிவிடக் கூடாது என்று, வேலை செய்யும்போது அது ஒரு பூட்டுக் கோப்பை வைத்துக்கொள்ளும். முறையாக நிறுத்தினால் பூட்டை எடுத்துவிடும். கரண்ட் போனால், பாட்டரி சிறிது நேரம் தாங்கி அதை முறையாக நிறுத்தும். அதைச் சோதித்துவிட்டுப் போகக் கொழும்பு கம்பெனியில் இருந்து ஒருவர் வந்தார். கினிகத்தேனை மலைப்பாதை வளைவுகளில் வாந்தி எடுத்தபடி வந்து, ஒரு பிளேன்டீ குடித்து, நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டுப் போனார். பெரிய பரிசோதனை!

பிறகு ஆயுத பூசை வந்தது. அன்றைக்கு டோரீன் லீவு. பேக்டரி பிட்டர் பழனியாண்டி வருடா வருடம் எல்லா மிஷினையும் நிறுத்தித் துடைத்துச் சந்தனம் வைப்பார். இந்த வருடம் ஆபீசுக்கும் வந்தார்.

“அதுவும் மிஷின்தானேங்க. வருஷம் பூரா ஓடுது, ஒரு நாளாச்சும் ஓய்வு குடுப்போம்.”

நாங்கள் அவல் தின்றுகொண்டிருந்தோம். அவர் கம்ப்யூட்டரையும் பாட்டரியையும் சேர்த்தே அணைத்தார், பொட்டு வைத்தார், சூடம் காட்டினார். சாயங்காலம் திரும்பப் போட்டார். பச்சை லைட் எரிந்தது. உள்ளே பழைய பூட்டு அப்படியே கிடந்தது. மென்பொருள் அதைப் பார்த்து, வேறு யாரோ வேலை செய்கிறார்கள் என்று சும்மா இருந்துவிட்டது.

மறுநாள் காலை எதிர்மலையில் வேலையை மேற்பார்வை பார்த்த கண்டாக்கையா போன் பண்ணினார். ஏழாம் நம்பர் மலையில் குளவிக் கூட்டைப் பருந்து தட்டிவிட்டதாம், பெண்களை இறங்கச் சொல்ல வேண்டுமாம். டோரீன் உடனே அடித்தாள். ‘வரிசையில் சேர்ந்தது’ என்று திரையில் வந்தது.

“அம்மாவும் ஏழுலதான்” என்றாள்.

“அப்ப போன் அடியேன்டி.”

“அடிச்சா எடுத்துப் பேசிக்கிட்டு நிப்பாங்கக்கா. மெசேஜ்னா அந்த மணிச் சத்தம் கேக்கும். கேட்டா கூடையப் போட்டுட்டு ஓடணும்னு எல்லாருக்கும் சொல்லி வச்சிருக்கேன்.”

மணி யாருக்கும் அடிக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற லொறியிலேயே ஜீவராணி போய்விட்டார்.

அடக்கம் முடிந்த மறுநாளே டோரீன் ஆபீசுக்கு வந்தாள். மலையில் ஆட்கள் நிற்கிறார்கள், சேர்வர் ஓட வேண்டும் என்று தொரை சொல்லி அனுப்பியிருந்தார். அந்த மனிதரை என்ன சொல்ல. அவள் உட்கார்ந்து பார்த்தாள், பூட்டைக் கண்டுபிடித்தாள். பழனியாண்டி வாசலில் நின்றார், உள்ளே வரவில்லை.

“நாந்தான் புள்ள நிப்பாட்டினேன்.”

“தெரியும் மாமா.”

அவ்வளவுதான். கோபம் இல்லை, அழுகை இல்லை. எனக்கு அவரை அடிக்கவும் தோன்றியது, அவளைப் பிடித்து உலுக்கவும் தோன்றியது.

அனுப்பாமல் கிடந்த செய்திகளை ஒவ்வொன்றாக அழித்தாள். இல்லாவிட்டால் மலையில் இருக்கிறவர்கள் எல்லாரும் பயந்து ஓடுவார்கள். அம்மாவின் கோப்பில் மட்டும் கை வைக்கவில்லை. பிறகு பூட்டை எடுத்தாள்.

அவளுடைய கைப்பைக்குள் மணி அடித்தது. அம்மாவின் போன். நான் பாதி எழுந்துவிட்டேன். டோரீன் அசையவில்லை. பதில் வராத செய்தியை மறுபடி வரிசையில் போடும்படி அவளேதான் எழுதியிருந்தாள். ஒன்றாம் பட்டனை அமுக்கினால்தான் கிடைத்ததாக அர்த்தம். மணி மறுபடி அடித்தது. மறுபடியும் அடித்தது.

போனை எடுத்து வாசித்தாள். ‘ஏழாம் மலையில் குளவி. உடனே இறங்குங்கள்.’ அவளே அடித்த செய்தி. ஒன்றை அமுக்கினாள். திரையில் அந்தக் கோப்பு ‘முடிந்தது’ பக்கம் போனது.

“சரியாயிருச்சுன்னு தொரைகிட்ட சொல்லிருங்கக்கா” என்றாள்.