புதுவாயல் தாண்டினால் இழுக்காத கார்

குறை காரில் இல்லை, என் காலில்தான் என்பது எங்கள் வீட்டில் முடிந்துபோன விஷயம். என் கணவர் ஓட்டினால் பறக்கும், நான் ஓட்டினால் திணறும். இதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

எஞ்சினுக்கு இழுவை கூட்டும் டர்போ வைத்த டீசல் கார் எங்கள் பக்கம் அபூர்வமாக இருந்த காலம் அது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், வண்டிகளுக்கு ரப்பர் குழாய் செய்யும் ஒரு கம்பெனியின் சோதனைக்கூடத்தில் எனக்கு வேலை. திருவள்ளூரிலிருந்து பஸ் மாறிப் பஸ் மாறிக் கசங்கிப்போய் இறங்குவது அலுத்து, லைசென்ஸ் எடுத்து, அப்படிப்பட்ட பழைய கார் ஒன்றைக் கணவரை வாங்க வைத்தேன்.

பெரியபாளையம் வரைக்கும் சமர்த்தாக வரும். புதுவாயலில் கொல்கத்தா நெடுஞ்சாலை ஏறி, முன்னால் போகிற லாரியைத் தாண்டலாமென்று ஆக்சிலேட்டரை மிதித்தால் வண்டி யோசிக்க ஆரம்பித்துவிடும். பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டு வரும் டிரெய்லருக்கு யோசிக்கிற பழக்கமெல்லாம் கிடையாது. மழை பெய்த நாட்களில் இந்தத் தொல்லை இல்லை. வெயில் நாட்களில் வரலாம், வராமலும் இருக்கலாம்.

மெக்கானிக் டீசல் ஃபில்டரை மாற்றினார், ஏர் ஃபில்டரை ஊதினார், எங்கள் தெருவைச் சுற்றி வந்தார். நான் கேட்ட கேள்விக்கு என் கணவரைப் பார்த்துப் பதில் சொன்னார்.

"வண்டி சோக்கா கீது சார். மேடம் கிளட்ச்ல கால வெச்சிக்கினே ஓட்றாங்க போல."

ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவரைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டிக் காட்டினேன். புதுவாயல் தாண்டியதும் சொல்லி வைத்தாற்போல் திணறியது. அப்பாடா என்று இருந்தது. அவர் ஓரம் கட்டச் சொன்னார். டீக்கடையில் நிதானமாக டீ குடித்தார், பேப்பர் படித்தார், பிறகு தான் ஓட்டுவதாக உட்கார்ந்தார். வண்டி அம்பாகப் போனது. டீ குடித்த நேரத்தில் எஞ்சின் ஆறிவிட்டது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

"பாத்தியா?" என்றார். "பேசாம வித்துடலாம். இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு? நீ பஸ்லயே போ."

அடுத்த ஞாயிறு பார்க்க வருவதாக ஓர் ஆளும் கிடைத்துவிட்டார். கார் போவதுகூடப் பரவாயில்லை. எனக்கு ஓட்ட வராது என்று தீர்ப்பு எழுதி விற்கிறார்களே, அதுதான் வயிற்றெரிச்சல். சொந்தக்காரர் கல்யாணங்களில் இந்தக் கதையை எத்தனை வருஷம் கேட்க வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை, நல்ல வெயில். அதே இடத்தில் அதே திணறல். ஓரம் கட்டி, ஆத்திரத்தில் பானெட்டைத் திறந்தேன். எஞ்சினை நான் உற்றுப் பார்த்தது அன்றுதான். நடுவில் மஞ்சள் துணியில் ஒரு முடிச்சு. பெரியபாளையத்து அம்மனுக்கு வேண்டிக்கொண்டு காசு முடிகிற அதே மஞ்சள். டர்போவுக்குப் போகும் மெல்லிய ரப்பர் குழாயின் கழுத்தில் அதை யாரோ பக்தி சிரத்தையாக இறுக்கிக் கட்டியிருந்தார்கள். தொட்டுப் பார்த்தேன். குழாய் சூட்டில் இளகி, முடிச்சுக்கடியில் சப்பையாக ஒட்டிக் கிடந்தது. அது அடைத்துக்கொண்டால் டர்போ எப்படி வேலை செய்யும், வண்டி எப்படி இழுக்கும்? ரப்பர் சூட்டில் எப்படி இளகும் என்று சோதித்துச் சோதித்தே சம்பளம் வாங்குகிறவள் நான்!

வேண்டுதல் நிறைவேறாமல் முடிச்சை அவிழ்க்கக் கூடாது. என்ன வேண்டுதலோ, யாருடையதோ. "தாயே, நீயும் நெடுஞ்சாலையைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறாய்" என்று சொல்லிவிட்டு, காசு முடிப்பு கலையாமல் குழாயிலிருந்து மட்டும் அவிழ்த்தெடுத்தேன். குழாய் மெல்ல உப்பிப் பழைய உருவத்துக்கு வந்தது. வண்டியைக் கிளப்பி மிதித்தேன். எனக்கு முன்னால் போன மூன்று லாரிகளையும் தாண்டிய பிறகுதான் மூச்சே விட்டேன்.

மாலையில் மெக்கானிக்கிடம் கேட்டேன். "பாத்தேன் மேடம். தொட்டுக் கும்ட்டுகினேன். சாமி விஷயம், அதுல எப்டி கை வெக்கறது?" என்றார். இந்த முறை என்னைப் பார்த்தே சொன்னார்.

வீட்டில் முடிச்சைச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தேன். கணவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் கட்னேன்."

"இன்னான்னு வேண்டிக்கினீங்க?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "நீ ஸ்பீடா போவக் கூடாதுன்னு. அந்த ரோட்ல டெய்லி ஒரு லாரி கவுந்து கெடக்குது. நீ ஊட்டுக்கு வர்ற வரிக்கும் எனக்கு ஒரு வேல ஓடாது."

அம்மனைக் குறை சொல்ல முடியாது. கேட்டதைக் கேட்டபடி கொடுத்திருக்கிறாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது, கூடவே அழுகையும் வந்தது. இந்தப் பயத்தை வாயால் சொல்லியிருந்தால் நானே மெதுவாகப் போயிருப்பேன், என் காலுக்கும் பழி வந்திருக்காது. எதை முதலில் சொல்வது என்று தெரியாமல், "காரு விக்கறதுக்கில்லன்னு அந்தாளுக்கு போன் போடுங்க" என்றேன். போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பெரியபாளையம் போனோம். நான்தான் ஓட்டினேன். முடிச்சை அவர் உண்டியலில் போட்டார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் கும்பிட்டார். என்ன வேண்டிக்கொண்டார் என்று நான் கேட்கவில்லை.

புறப்படுவதற்கு முன் பானெட்டைத் திறந்து ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.