மே மாதத்து ஹீட்டர்

எங்கள் பழைய கார் அடிக்கடி சூடானது. கசார்வாடி மெக்கானிக் ரேடியேட்டர் குழாய்களைத் தொட்டுப் பார்த்தார். மேல் குழாய் கொதித்தது, கீழ்க் குழாய் சில்லென்றிருந்தது. "தெர்மோஸ்டாட் ஜாம் ஹை, சாப்," என்றார்; ரேடியேட்டர் நீரைத் திறந்துவிடும் வால்வு சிக்கிக்கொண்டதாம். புதியது வரும்வரை, சூடு காட்டும் முள் ஏறினால் ஹீட்டரை முழுதாகத் திறந்துவிடச் சொன்னார். இன்ஜின் சூடு நம் பக்கம் வந்துவிடுமாம்.

அந்த ஞாயிறு மத்தியானம் தளேகாவிலிருந்து வாகட் வீட்டுக்குத் திரும்பும்போது முள் ஏறியது. மே மாத வெயிலில் ஹீட்டரைப் போட்டேன். எனக்குச் சட்டை நனைந்து ஒட்டியது. பக்கத்தில் என் மனைவி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அனல் வரும் பக்கம் கால்களை நீட்டினாள்.

முள் இறங்கியதும் அணைக்கப் போனேன்.

"இருக்கட்டுங்க, இதமா இருக்குது."

கிண்டல் என்று நினைத்துச் சிரித்தேன்.

பத்தாம் நாள் ஆஸ்பத்திரியில் காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது. எத்தனை நாளாகக் குளிர் என்று டாக்டர் கேட்டிருந்தார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அந்த ஞாயிறு வழியில் இரண்டு முறை வண்டியை நிறுத்தினேன். பானட்டைத் திறந்து, மெக்கானிக் காட்டியபடியே இரண்டு குழாய்களையும் தொட்டுப் பார்த்தேன். மடையன், அவள் நெற்றியைத் தொடவில்லை.