ஆம்பளைகள் குறைவாக வரும் படம்

தாய்லாந்தின் நக்கோன் சவானில் அந்தக் காலத்து சினிமா போஸ்டரைப் பார்த்தால், நடிகர்களின் பெயரைவிட விச்சியன் – சம்லி என்ற பெயர்தான் பெரிதாக இருக்கும். படங்கள் ஊமையாக வந்தன. கொட்டகையின் பின்சுவரை ஒட்டிய சிறிய அறையில் ஒரே மைக் முன்னால் கணவனும் மனைவியும் உட்கார்ந்து, திரையில் வாய் அசைவதைப் பார்த்துப் பேசுவார்கள். ஆம்பளைகள் எல்லாருக்கும் விச்சியன், பெண்கள் எல்லாருக்கும் சம்லி. யார் நடித்த படம் என்று ஜனம் கேட்காது. யார் பேசும் படம் என்றுதான் கேட்கும்.

சம்லி முதலில் கொட்டகை வாசலில் வேகவைத்த நிலக்கடலை விற்றுக்கொண்டிருந்தவள். படம் பார்த்துவிட்டு வருகிறவர்களிடம் கதாநாயகி பேசியதை அப்படியே பேசிக் காட்டுவாள். அவளிடம் கடலை வாங்க வந்த விச்சியன், கடலையை மறந்துவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றான். அதற்கு முன் அவனோடு மைக்கில் பேசிவந்த பெண் கல்யாணமாகி பாங்காக் போய்விட்டிருந்தாள். எங்கே மூச்சு வாங்கவேண்டும், அழும்போது மைக்கிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கவேண்டும் என்றெல்லாம் அவன் சொல்லிக்கொடுத்தான். பிறகு கல்யாணமும் செய்துகொண்டான்.

விச்சியனுக்குத் தொண்டையில் கட்டி வந்தது அவர்கள் நன்றாக இருந்த நாளில்தான். கட்டியை எடுத்துவிட்டு, மழைக்காலம் முடியும்வரை ஒரு வார்த்தை பேசக்கூடாது, கிசுகிசுக்கக்கூட வேண்டாம் என்றார் டாக்டர். சம்லி உட்கார்ந்து அழவில்லை. கஞ்சியை நீர்க்கக் காய்ச்சி ஆறவைத்துக் கொடுத்தாள். தலைப்பக்கம் இரண்டு தலையணை வைத்து நிமிர்த்திப் படுக்கவைத்தாள். ஏதாவது வேண்டுமானால் தட்டு என்று ஒரு தகர டப்பாவைக் கையில் கொடுத்தாள். அவன் எதற்கெடுத்தாலும் தட்டினான். மறுநாளே டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு ஒரு சிலேட்டைக் கொடுத்துவிட்டாள்.

முதலாளி ஹெங் ஆரஞ்சுப் பழங்களோடு பார்க்க வந்தார். பழத்தை வைத்துவிட்டு வாசலுக்கு வந்ததும் விஷயத்தைச் சொன்னார்.

"சம்லி, பிட்சனுலோக்கிலிருந்து படம் பேசற ஒரு ஜோடி சனிக்கிழமை வருது. தப்பா நினைக்காத. கொட்டகை ஓடணும்ல?"

"அப்ப இந்த ரூமு?"

ஹெங் செருப்பைப் பார்த்தார். மைக் அறைக்கு அடுத்த அந்த அறை, படம் பேசுகிறவர்கள் குடியிருப்பதற்காகத்தான். வேலை போனால் அறையும் போகும். தொண்டை ஆறாத மனுஷனை மழையில் எங்கே தூக்கிக்கொண்டு போவது?

"இன்னைக்குப் படம் நான் பேசறேன், முதலாளி."

"ஆம்பளைக்கு யாரு பேசுவா?"

"நான்தான்."

"ஜனம் சிரிக்கும்."

"சிரிக்கறதுக்கும் டிக்கெட் வாங்கித்தானே உள்ள வரணும்?"

ஹெங் யோசித்தார். "இன்னைக்கு ஒரு ஆட்டம். எதுவும் எறியாம ஜனம் கடைசி வரைக்கும் உக்காந்திருந்தா நீயே இரு. இல்லேன்னா சனிக்கிழமை சாமானைக் கட்டிடு."

படப்பெட்டி பஸ்ஸில் தாமதமாகத்தான் வந்தது. ஒருமுறை ஓட்டிப் பார்க்கக்கூட நேரமில்லை. பெட்டிக்குள் இருந்த வசனத் தாள்களை சம்லி வேகமாகப் புரட்டினாள். நெல் படகு வைத்திருக்கும் ஒரு விதவை, அவளுடைய மாமியார், படித்துறையில் டீக்கடை போட்டிருக்கும் ஒரு பெண். ஆம்பளை என்று பார்த்தால் படகைப் பிடுங்க நினைக்கும் அரிசி ஆலைக்காரன் ஒருத்தன், எப்போதாவது வரும் ஒரு போலீஸ்காரன். அவ்வளவுதான்.

"புண்ணியவான்கள்," என்றாள் சம்லி சத்தமாக.

"யாரு?" என்றான் ஆபரேட்டர் தொங்.

"இந்தப் படத்தை எடுத்தவங்க."

மைக்குக்கு மல்லிகை மாலை போட்டு, விச்சியனின் குருவை நினைத்துக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் சுவர் ஓரமாக ஹெங் ஸ்டூல் போட்டு அமர்ந்தார். கொட்டகையில் விற்கும் கணவாய்க் கருவாட்டின் வாசனை மைக் அறைவரை வந்தது. முன்வரிசை முழுக்க மீன் மார்க்கெட் பெண்கள். கடையை மூடிவிட்டு வந்திருந்தார்கள்.

முதல் ரீல் நன்றாகவே போனது. விதவைக்குத் தன் சொந்தக் குரல், மாமியாருக்கு மூக்கால் பேச்சு. ஆலைக்காரன் வந்தபோது நெஞ்சிலிருந்து குரலை எடுத்தாள். சிலர் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவன் விசிலடித்தான். அவ்வளவோடு விட்டுவிட்டார்கள்.

வினை படித்துறைக் காட்சியில் வந்தது. படகைக் கொடு என்று ஆலைக்காரன் கேட்பான். விதவை பதில் சொல்வாள். பல ஊர் சுற்றி அறுந்து அறுந்து ஒட்டப்பட்ட பிரிண்ட் அது. விதவை பதில் சொல்லும் துண்டு அதில் இல்லை. திரை ஒரு தாவு தாவியது. சம்லி கவனிக்காமல் தாளில் இருந்ததைப் பேசினாள்.

"என் படகைத் தொட்டுப் பாரு, கை இருக்காது!"

திரையில் வாயசைத்தவன் ஆலைக்காரன். பெரிய மீசையோடு, பொம்பளைக் குரலில்.

கொட்டகையே குலுங்கியது.

"ஆலைக்காரரே, மீசை ஒட்டவச்சதா?"

"சம்லி, உன் புருஷனை எழுப்பிக் கூட்டிட்டு வா!"

ஒரு கடலைப் பொட்டலம் திரையில் பட்டுச் சிதறியது. பின்னால் ஹெங் ஸ்டூலை விட்டு எழும் சத்தம் கேட்டது. சம்லி தாளில் இடத்தைத் தேடினாள். கிடைக்கவில்லை. தாளைக் கீழே போட்டுவிட்டுத் திரையைப் பார்த்தாள். ஆலைக்காரன் இன்னும் வாயசைத்துக்கொண்டிருந்தான். முகத்தில் ஒரு இளக்காரம் இருந்தது. அது போதும்.

நெஞ்சுக் குரலில் இழுத்துச் சொன்னாள்: "…அப்படின்னுதானே சொல்லப்போற? உன்னை மாதிரியே பேசிக் காட்டினேன், நல்லாருக்கா?"

திரையில் விதவை இடுப்பில் கை வைத்து வாயைத் திறந்தாள்.

"நல்லாருக்கு. நான் சொல்லப்போறது தெரிஞ்சும் வந்து நிக்கிற பாரு, அந்தக் கொழுப்பு இன்னும் நல்லாருக்கு!"

மீன்காரப் பெண்கள் பெஞ்சில் அடித்துச் சிரித்தார்கள். இந்தத் தடவை சிரிப்பு ஆலைக்காரனைப் பார்த்து.

அடுத்து விதவை படிக்கட்டில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அவள் ஆலைக்காரனிடம் அழுது கெஞ்சுவதாகத் தாளில் படித்தது சம்லிக்கு நினைவிருந்தது. வாய் தெரியாத காட்சி. என்ன பேசினாலும் பொருந்தும்.

"அழறேன்னு நினைச்சுக்காத. உன் மூஞ்சியப் பார்த்தா சிரிப்பு வருது, அடக்கிட்டிருக்கேன்."

முன்வரிசையில் இருந்த மாலி, இறால் கடைக்காரி, எழுந்தே நின்றுவிட்டாள். "அப்படிச் சொல்லுடி!" என்று திரையைப் பார்த்துக் கத்தினாள். உட்காரு, மறைக்குது என்று பின்னாலிருந்து யாரோ சொன்னதற்கு, நீயும் எழுந்து நில்லு என்றாள். படம் முடிகிறவரை வேறு எதுவும் பறந்து வரவில்லை. வெளியே போகும்போது பெண்கள் அறைக்கதவைத் தட்டித் தட்டிப் போனார்கள்.

"நாளைக்கும் இதே மாதிரி பேசணும், ஆமா. என் தங்கச்சியக் கூட்டிட்டு வரேன்," என்றாள் மாலி.

"இதே மாதிரியா? என்ன பேசினேன்னே நினைவில்லைக்கா."

"எங்களுக்கு நினைவிருக்கு. நாங்க எடுத்துக் குடுக்கறோம்."

ஹெங் போகும் வழியில் நின்றார். "ஒரே ஒரு பொட்டலம்தான், போகட்டும். நீயே இரு," என்றார். "ஆனா ஆம்பளைங்க கூட்டமா வர்ற சண்டைப் படம் வேணாம். இது மாதிரிப் படமா பார்த்து எடுக்கறேன்."

சம்லி அடுத்த அறைக்கு, விச்சியனிடம் வந்தாள். அவன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். சுவருக்கு அந்தப் பக்கம் நடந்ததெல்லாம் அவனுக்குக் கேட்டிருந்தது. கண் கலங்கி வாயைத் திறந்தான்.

"மூடுங்க வாயை," என்றாள் சம்லி. "டாக்டர் என்ன சொன்னாரு? எதுவா இருந்தாலும் சிலேட்டுல எழுதுங்க."

பிட்சனுலோக் ஜோடிக்கு யாரும் தகவல் சொல்லாததால் சனிக்கிழமை வந்து இறங்கிவிட்டார்கள். சம்லி அவர்களுக்குச் சோறும் மீன் குழம்பும் போட்டாள். அன்றைய ஆட்டத்தில் ஆலைக்காரனை அந்த மனுஷன் பேசட்டும், எனக்கும் நெஞ்சு வலிக்குது என்றாள். மறுநாள் பஸ் ஏறும்போது அந்தப் பெண் கேட்டாள்: "தனியா எப்படிக்கா சமாளிக்கறீங்க?"

"படம் சமாளிக்குது," என்றாள் சம்லி.

அது உண்மை. ஒற்றைப் பெண் பேசக்கூடிய படம் வேண்டும் என்பதற்காகவே ஹெங் தேடித் தேடி எடுத்தார். பள்ளிக்கூடம் கட்டும் டீச்சர், கொள்ளையரைத் துரத்தும் மலைக்கிராமத்துப் பெண், மூன்று மருமகள்களை மேய்க்கும் மாமியார் என்று அந்த மழைக்காலம் முழுக்க நக்கோன் சவானில் பெண்கள்தான் திரையில் நடமாடினார்கள். விச்சியனுக்கு மழைக்குப் பிறகு குரல் திரும்பியது, கொஞ்சம் கரகரப்பாக. கிழவர்களுக்கும் வில்லன்களுக்கும் பொருத்தமாக இருந்தது. கதாநாயகர்களைக் கடைசிவரை சம்லிதான் பேசினாள்.

பிறகு படங்கள் பேச்சோடு சேர்ந்தே வர ஆரம்பித்தன. அவர்கள் குடியிருந்த அறை டிக்கெட் கட்டு வைக்கும் இடமானது. அதற்குள் அவர்கள் சொந்தமாக வீடு கட்டிவிட்டிருந்தார்கள்.

சம்லிக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. புத்த பிட்சுகளுக்கு உணவு படைத்துவிட்டு, அவர்கள் மந்திரம் ஓதும்போது கிண்ணத்தில் நீர் ஊற்றி, அந்தப் புண்ணியத்தைத் தனக்கு வேண்டியவர்களுக்குப் பங்கு வைப்பாள். அப்பா அம்மா, மாமனார் மாமியார், விச்சியனின் குரு, ஹெங் முதலாளி என்று வரிசையாகச் சொல்லி, கடைசியில் இன்னும் ஒரு கூட்டத்துக்கு ஊற்றுவாள். அவர்களில் ஒருவரையும் அவள் பார்த்ததில்லை, பெயரும் தெரியாது.

"ஆம்பளைங்க கம்மியா வர்ற மாதிரி கதை எழுதினவங்க," என்பாள், "எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்."