டோலனின் பாட்டு

புலம்பெயர்ந்து வந்த நகரத்தில், டான்போத் வீதியிலிருந்த ஓர் ஐரிஷ் பப்பின் குசினியில் சூசைதாசன் உருளைக்கிழங்கு பொரிக்கத் தொடங்கியது தொண்ணூற்று இரண்டில். ஒரு சொட்டும் குடிக்காத மனிதர். ஆனால் சனிக்கிழமை பின்னேரங்களில் குசினிக் கதவை எண்ணெய் வாளி வைத்துத் திறந்தே விட்டிருப்பார். பாட்டுக்குத்தான். அயர்லாந்தில் லீட்றிம் என்றொரு மாவட்டம். மழை, சேறு, மாடு, இவ்வளவுதான் அங்கே என்று அந்த ஊர்க்காரரே சொல்வார்கள். அங்கிருந்து வந்த கிழவர்கள், வாத்தியம் ஒன்றுமில்லாமல், கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்கொரு பாட்டுப் பாடுவார்கள்.

அவர்களில் டோலன் பாடுவது குளக்கரைக் காணியை விற்றுவிட்டுக் கப்பலேறிய ஒருவனின் கதை. சூசைதாசனின் இங்கிலீஷ் வேலைக்குக் காணும், அவ்வளவுதான். பாட்டு மட்டும் ஒரு சொல் பிசகாமல் பாடமாகிவிட்டது. சூசைதாசன் குடியிருந்த பகுதிக்கு வெக்ஸ்போர்ட் என்று பெயர் என அறிந்ததும், "அதுவும் அயர்லாந்துப் பெயர்தான். அப்போ நீயும் நம்ம ஆள்" என்று டோலன் பகிடி விட்டார்.

தொண்ணூற்றாறில் டோலனுக்கு மறதி தொடங்கியது. ஒரு சனிக்கிழமை, கப்பல் கரையை விட்டு விலகுகிற இடத்தில் பாட்டு நின்றுபோயிற்று. பக்கத்திலிருந்தவர் டோலனின் கையைப் பிடித்துக்கொண்டார். வேறு ஒருவரும் அசையவில்லை.

சூசைதாசனுக்குப் பொறுக்கவில்லை. பெரிய வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் திருப்பாடுகளைச் சொல்லும் பசாம் பாடி வளர்ந்தவர் அவர். அங்கே ஒருவர் தடக்கினால் பக்கத்தில் நிற்பவர் அடுத்த அடியை எடுத்துவிடுவார். பார்த்துக்கொண்டு நிற்பதுதான் மரியாதைக் குறைவு. குசினி வாசலில் நின்றபடியே அடுத்த அடியை எடுத்தார். ஓரடியோடு நிறுத்தியிருக்கலாம். பாவி மனிதர், கடைசிவரை பாடிவிட்டார். நன்றாகவும் பாடித் தொலைத்துவிட்டார்.

ஒருவரும் கைதட்டவில்லை. முதலாளி நோறா பிறகு குசினிக்குள் வந்து மெதுவாகச் சொன்னாள்: அவர்களிடம் ஒவ்வொரு பாட்டுக்கும் ஓர் ஆள் உண்டு. அவர் இருக்கும் இடத்தில் மற்றவர்கள் அதைத் தொடமாட்டார்கள். மறந்துபோனால் கையைப் பிடித்துக்கொண்டு, அவருக்கே வரும்வரை காத்திருப்பார்கள்.

அன்றைக்கு மனைவி அன்ரனெற் வைத்த சோறு அப்படியே இருந்தது.

"நீங்கள் ஏனப்பா இடையிலை பூந்தனியள்?"

"கோயில்லை நாங்கள் எடுத்துக் குடுக்கிறேல்லையே?"

"உது கோயிலே?" என்றாள் அவள்.

அடுத்த கிழமை பாடச் சொன்னபோது டோலன் தலையாட்டி மறுத்தார். "என் பாட்டு இப்போ குசினியில் இருக்கிறது" என்றார். சூசைதாசன் ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டார். கிழவர் முகத்தில் கோபம் மருந்துக்கும் இல்லை. "நீ எடுக்கவில்லை, மகனே. நான் தந்துவிட்டேன்." ஏசியிருந்தாலும் தாங்கியிருக்கலாம். தந்த மனிதரிடம் எப்படித் திருப்பிக் கொடுப்பது?

கிழமைக்குக் கிழமை கெஞ்சிப் பார்த்தார். டோலன் பாடவே இல்லை. கடைசியில் சூசைதாசனுக்கு ஒரு யோசனை வந்தது. தானே பாடி, அதே இடத்தில் மறந்தவர்போல் நிற்பது. சொந்தப் பாட்டு தொண்டையில் கிடக்கும்போது மனிதர் எடுக்காமலா விடுவார்? அடுத்த சனிக்கிழமை ஏப்ரனைக் கழற்றிவிட்டு நடுவில் வந்து பாடினார். கப்பல் விலகுகிற இடத்தில் நிறுத்தினார்.

டோலனின் உதடு அசைந்தது. 'பாடும் ஐயா, பாடும்' என்று சூசைதாசன் உள்ளுக்குள் மன்றாடினார். உதடு அசைந்து அசைந்து ஓய்ந்துவிட்டது. அந்த அடி கிழவரிடம் இல்லவே இல்லை.

டோலன் மெல்ல எழுந்து வந்து சூசைதாசனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவசரப்படாதே, மகனே. வரும்."

அறை முழுக்கக் காத்திருந்தது. ஒருவரும் எடுத்துக் கொடுக்கவில்லை, கொடுக்கவும் மாட்டார்கள். சூசைதாசன் அழுதுகொண்டே மீதியைப் பாடி முடித்தார். முதலில் கைதட்டியவர் டோலன்.