கீழே போகச் சொன்னவர்

மடவளை பஸாரில் யாரிடம் வழி கேட்டாலும் கையை நீட்டிக் காட்டுவார்கள். பஹ்மி மட்டும் சொல்லமாட்டார். வத்தேகம பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டால்கூட, "வேற ஆரிட்டயாவது கேளுங்க" என்று ஆணிப் பெட்டிக்குள் தலையைக் கவிழ்த்துக்கொள்வார். அவர் வேலை செய்த ஹாட்வெயார் கடைக்கு வருகிறவர்கள் அவரைக் கப்பல் பஹ்மி என்றார்கள். "கப்பலோட சேந்து வாயும் கடலுக்குள்ள தாண்டுட்டுது போல" என்று சிரித்தார்கள். அவரும் சிரித்து வைப்பார்.

பிறந்தது 1966. பதினெட்டு வயதில் கண்டியில் ஒரு ஹோட்டலில் அறை துடைக்கப் போனார். அங்கே தங்கிய வெள்ளைக்காரரோடு பேசிப் பழகிய ஆங்கிலம் 1993இல் அவரை ஓர் உல்லாசக் கப்பலில் ஏற்றிவிட்டது. மரீனா அல்பா என்பது கப்பலின் பெயர். பயணிகள் 1,140 பேர், ஊழியர்கள் 486 பேர். துணி வெளுக்கும் பகுதி நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தது. அங்கே தமிழ் பேசுகிறவர்கள் பதினொரு பேர். அவர்களில் ஒருவர், பஹ்மி அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடும் ஹலீம். மடவளையில் பஹ்மியின் வீட்டிலிருந்து நாலாவது வீடு. அவருக்கு அந்த வேலையை எடுத்துக் கொடுத்ததே பஹ்மிதான். ஒலிபெருக்கியில் எந்த அறிவிப்பு வந்தாலும் பஹ்மி அதைத் தமிழில் திருப்பிச் சொல்வார். அது அவருடைய வேலை அல்ல. ஆனாலும் பதினொரு பேரும் அவர் வாயைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

1998 நவம்பர் 14, சனிக்கிழமை, பின்னேரம் நாலு பத்து. மத்தியதரைக் கடலில் ஒரு தீவின் கரையோர ஊரைப் பயணிகளுக்குக் காட்டவென்று மிக அருகே போன கப்பல் பாறையில் மோதிச் சரிந்தது. மாண்டவர்கள் நாற்பத்தொரு பேர். அதில் ஏழு பேரின் உடல் கிடைக்கவில்லை.

விசாரணை பதினாறு மாதம் நடந்தது. கப்டன் சுக்கான் பிடித்தவனைக் காட்டினார். கம்பனி கப்டனைக் காட்டியது. கடைசியில் கப்டன் சிறைக்குப் போனார். தப்பிய ஊழியர்களுக்கு அறிக்கையின் சுருக்கம் தபாலில் வந்தது. அதில் கம்பனிக்குச் சாதகமாக ஒரு வரி இருந்தது: ஊழியர் அனைவருக்கும் அவரவர் மொழியில் அறிவிப்புக் கொடுக்கப்பட்டது. பஹ்மி அந்த வரியையே திரும்பத் திரும்ப வாசித்தார். தமிழில் கொடுத்தவர் அவர். என்ன சொல்லிக் கொடுத்தார் என்று அவரிடம் எவரும் கேட்கவில்லை.

ஹலீமின் மனைவி சித்தி றலியாவுக்கு வந்த கடிதத்தில் 'காணாமற்போனவர்' என்று மட்டுமே இருந்தது. ஊர் திரும்பிய அன்று பஹ்மி அவளிடம், "அவருக்கு என்ன நடந்திச்சி எண்டு நான் காணல்ல ராத்தா" என்றார். அதன்பின் அவள் வீட்டைக் கடக்கும் குறுக்குப் பாதையை விட்டுவிட்டு, பெரிய ரோட்டால் சுற்றித்தான் கடைக்குப் போய்வந்தார்.

2001 ஜனவரி கடைசியில் றலியாவின் தமையன் மஹ்ரூப் கடைக்கு வந்தார்.

"ஹலீம் மௌத்தா இல்லையா எண்டு தீர்ப்பெடுக்க சனிக்கிழம காதியார்ட்ட போறோம் பஹ்மி. நீங்களும் வரணும்."

"நான் அண்டைக்கே சொன்னேனே நானா, காணல்ல எண்டு."

"அப்ப காணல்ல எண்டதயே அங்க வந்து சொல்லுங்க. தங்கச்சி ரெண்டு வருஷமா தொழுதுட்டுக் கையேந்தினா என்ன கேக்கிற எண்டு தெரியாம ஈக்கிறா. மனுஷன் திரும்பி வரணும் எண்டு கேக்கிறதா, மௌத்தானவருக்கு யாஸீன் ஓதுறதா? ஒரு நாளைக்கு அது, ஒரு நாளைக்கு இது. புள்ளைகளுக்கு என்னத்தச் சொல்ற?"

பஹ்மி தராசில் கிடந்த ஆணிகளை மூன்று தடவை நிறுத்தார்.

பெப்ரவரி 3ஆம் திகதி, முஸ்லிம்களின் குடும்ப வழக்குகளைத் தீர்க்கும் காதியார் மக்கீனின் மேசைக்கு முன்னால் நாலு கதிரைகள் போட்டிருந்தன. றலியா பச்சைச் சாரி உடுத்து, இரண்டு கையிலும் காப்புப் போட்டு வந்திருந்தாள்.

"கண்டத மட்டும் சொல்லுங்க," என்றார் காதியார். "கேள்விப்பட்டது வேணாம்."

பஹ்மி கதிரை நுனிக்கு நகர்ந்தார். பிறகு ஒரே மூச்சில் சொன்னார்.

"கப்பல் சரியக்குள்ள எல்லாரும் மேல ஓடி வந்தாங்க. ஹலீம் நானா படியில வெச்சு என்னப் புடிச்சு, 'என்ன சொல்றாங்க' எண்டு கேட்டாரு. கரண்ட் கோளாறுதான், அவங்கவங்க எடத்துக்குப் போங்க எண்டு அறிவிச்சாங்க. கப்பல் சரிஞ்சி ஈக்கிறது என்ட காலுக்குத் தெரிஞ்சிச்சி. எண்டாலும் அவங்க சொன்னதயே நானும் சொன்னேன். 'கீழ போங்க நானா, ஒண்டுமில்ல' எண்டேன். போனாரு. கொஞ்ச நேரத்தில தண்ணி படிய மூடிச்சி. அவர்ட கை கம்பியப் புடிச்சிட்டு இருந்திச்சி. நான் எட்டினேன். பொறகு அந்தக் கையும் இல்ல. கண்டேன் காதியார். நாலு அம்பதுக்கு."

காதியார் திகதியையும் நேரத்தையும் எழுதினார்.

"நான் போகச் சொன்னத எழுதல்லயா?"

"அது இந்தப் புத்தகத்துக்கு வேணாம் தம்பி. கப்டனுக்குத்தான் தண்டன குடுத்தாச்சே."

"கப்டன ஹலீம் நானாவுக்குத் தெரியாது. அவர் கேட்டது என்னட்ட."

காதியார் பேனையை மூடினார். றலியா அழவில்லை. முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு, "நான் இத்தா இருக்கத் தொடங்கிறது இண்டைக்கா, நாளைக்கா?" என்று கேட்டாள்.

காதியார் கண்ணாடியைக் கழற்றினார். "மௌத்தான நாள்ள இருந்துதான் எண்ணுறது மகள். புருஷன் மௌத்தான பொம்புள நகை நட்டில்லாம வீட்டோட ஒதுங்கி இருக்கிறது நாலு மாசம் பத்து நாள். அது தொண்ணூத்தொம்பது மார்ச்சிலயே முடிஞ்சிட்டுது."

அவள் உடுத்திருந்த பச்சைச் சாரியைப் பார்த்தாள். தொண்ணூற்றொன்பது ஜனவரியில், நோன்புப் பெருநாளைக்கு எடுத்த சாரி. அன்றைக்குக் கையில் மருதாணியும் வைத்திருந்தாள். புருஷன் எப்படியும் வந்துவிடுவார் என்று இருந்த காலம்.

"அப்ப எனக்கு இருக்கிறதுக்கு ஒரு நாளும் இல்லையா?"

"இல்ல மகள்."

றலியா பஹ்மியின் பக்கம் திரும்பினாள். "அவர் போனதுக்கு கப்டன் ஈக்கிறான், கம்பனி ஈக்குது. என்ட நாலு மாசம் பத்து நாளுக்கு ஆரு பஹ்மி?"

மஹ்ரூப் அவளைக் கைபிடித்து வெளியே கூட்டிப் போனார்.

அன்று பின்னேரமே அவள் காப்பைக் கழற்றி, வெள்ளை உடுத்து, அறைக்குள் போனாள். மார்க்கத்தில் இப்படி ஒன்று இல்லை என்று மஹ்ரூப் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை. வாசற்கதவு சாத்தியே கிடந்தது. பெப்ரவரி 3 முதல் ஜூன் 11 வரை, பிறைக் கணக்கில் அந்த நாலு மாசம் பத்து நாளும், பஹ்மி குறுக்குப் பாதையால்தான் வேலைக்குப் போனார். அந்தக் கதவுக்கு முன்னால் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் கடந்தார்.

ஜூன் 12, செவ்வாய்க்கிழமை காலை, கதவு திறந்திருந்தது. அவர் தூரத்திலேயே நின்று பார்த்துவிட்டுத் திரும்பி, பழையபடி பெரிய ரோட்டால் சுற்றிப் போனார்.